லாரிப் பள்ளியில் பத்து நாள்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் வசிக்கிறேன். வயது 24. பி.காம். முடித்துவிட்டு ஒரு கூரியர் கிடங்கில் மூன்றாண்டுகள் கணக்கு எழுதினேன். கார் உரிமம் 2021 முதல் கையில் இருக்கிறது. சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்று நெலமங்கலா அருகே நடத்தும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து பத்து நாள் ஆகிறது. கட்டணம் கிடையாது. தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. கனரக உரிமம் வாங்கிக் கொடுத்து, வேலையும் அவர்களே தருகிறார்கள். ஆனால் இரண்டு ஆண்டுகள் அவர்களிடமே ஓட்ட வேண்டும், இடையில் விலகினால் 75,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் வருகிற வெள்ளிக்கிழமை கையெழுத்துக் கேட்கிறார்கள்.

இந்தப் பத்து நாளில் ஒருமுறைகூட லாரியின் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. காலையில் வண்டியைச் சுற்றிவந்து டயரைத் தட்டுகிறோம். வண்டிக்கடியில் படுத்துக் காற்றுக் குழாய்களைப் பார்க்கிறோம். பிற்பகலில் சிமுலேட்டர். உடன் பயில்கிறவர்களில் கிளீனராக இருந்தவர்கள், "இதைப் படிக்க ஒரு பள்ளிக்கூடமா" என்று சிரிக்கிறார்கள். இலவசம் என்று சொல்லி ஆளைக் கட்டிப்போடுகிற வேலை என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். கலாசிபாளையத்தில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதால் உங்களிடம் கேட்கிறேன். தொடரலாமா?

ச.

அன்புள்ள ச.,

டயரைத் தட்டுவதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் பாதிக்கு அங்கேயே பதில் இருக்கிறது. கலாசிபாளையத்தில் நான் எல்.ஆர். (சரக்கு ஏற்றியதற்கான லாரி ரசீது) எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இரவு பத்து மணிக்குமேல் சேலத்துக்கும் கோவைக்கும் புறப்படும் வண்டிகள் வரிசையாக நிற்கும். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஓட்டுநர் ஒருவர், தார்ப்பாய் கட்டி முடித்தபின் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு வண்டியை ஒருமுறை சுற்றிவருவார். பின்பக்கத்து ஜோடி டயர்களில் உள்ளே இருப்பதற்குக் காற்று இறங்கிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. வெளி டயர் இரண்டின் பாரத்தையும் தாங்கிக்கொண்டு நிற்கும், ஆனால் நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போவதற்குள் சூடேறி வெடிக்கக்கூடும், சில வேளை தீயும் பிடிக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கண் உதவாது, காதுதான் உதவும். காற்றுள்ள டயரில் கட்டை துள்ளித் திரும்பும், ஓசையும் கணீரென்று வரும். இறங்கிய டயரில் அதே அடி 'தொப்' என்று அமுங்கிவிடும். அவருடைய கிளீனர் பையன் இதைக் கற்றுக்கொள்ள எத்தனை மாதம் ஆயிற்றோ, எத்தனை வசவு வாங்கினானோ, ஏன் தட்டுகிறோம் என்று அவனுக்கு யாரும் உட்காரவைத்துச் சொன்னதை நான் பார்த்ததில்லை. உங்களுக்குப் பத்து நாளில், காரணத்தோடு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

உங்களோடு பயின்றுகொண்டே சிரிக்கிறவர்கள் வந்த கிளீனர் வழியை நான் குறைத்துச் சொல்லவில்லை. இந்தியச் சாலைகளில் லாரி ஓட்டிய பெரும்பாலானோர் அந்த வழியில் வந்தவர்கள்தாம். ஆனால் அந்தக் கிளீனர் பள்ளியில் ஸ்டியரிங் எப்போது கைக்கு வரும் என்பதை அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு ஓட்டுநருக்குக் கண் சொருகும்போதுதான் வரும். முழு பாரத்தோடு, ஓடும் நெடுஞ்சாலையில், ஆசிரியர் தூங்கிக்கொண்டிருக்கும்போது நடக்கும் முதல் பாடம் அது. அதில் தேறியவர்கள் அருமையான ஓட்டுநர்களாக வந்தார்கள் என்பது உண்மை. தேறாதவர்களின் கதையைச் சொல்ல ஆளில்லை என்பதும் உண்மை. இன்று கிளீனர் வேலைக்குப் பையன்கள் வருவது அருகிவிட்டது. ஒற்றை ஓட்டுநரோடு வண்டி அனுப்புகிற முதலாளிகள் பெருகிவிட்டார்கள். ஓட்டுநர்களை உருவாக்கிய பழைய பட்டறை இப்படி மூடிக்கொண்டதால்தான் நிறுவனங்கள் சொந்தச் செலவில் பள்ளி நடத்துகின்றன. இதில் தருமமும் இல்லை, சதியும் இல்லை. அவர்களுக்கு ஆள் வேண்டும்.

ஆகவே, இலவசம் என்ற சொல்லை முதலில் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இது கடன். பணத்துக்குப் பதிலாக இரண்டாண்டு உழைப்பால் அடைக்கப்போகும் கடன். கடன் வாங்கிய பொருள் தரமானதா, கடன் பத்திரம் நியாயமானதா என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

முதலாவதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்காக 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகள், நடுத்தர, கனரக வாகனப் பயிற்சிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரம் என்று வகுத்திருக்கின்றன. வகுப்பறையும் வண்டியும் சேர்ந்த கணக்கு அது. உங்கள் பள்ளி அத்தகைய மையமா, இல்லை சாதாரண உரிமம் பெற்ற பயிற்சிப் பள்ளியா என்று கேளுங்கள். எதுவாக இருந்தாலும், உங்கள் கையில் ஸ்டியரிங் இருக்கப்போகும் நேரம் மொத்தம் எத்தனை மணி, ஒரு வண்டிக்கு எத்தனை பேர், பாரம் ஏற்றிய வண்டியில் ஓட்டவைப்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு வண்டிக்கு பத்துப் பேர் ஏறி, ஆளுக்கு ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கும் பயிற்சிக்கு 75,000 ரூபாய் அதிகம். அமெரிக்காவிலும் பெரிய லாரி நிறுவனங்கள் இதேபோல் படிக்கவைத்து, ஓராண்டு போன்ற காலத்துக்குத் தங்களிடம் ஓட்டச் சொல்லி ஒப்பந்தம் போடுவது வழக்கம். அங்கே 2022 பிப்ரவரி 7 முதல் புதிய ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கட்டாயமானபோது, இத்தனை மணி என்று விதிக்காமல், ஒவ்வொரு திறனிலும் மாணவர் தேறிவிட்டார் என்று பயிற்றுநர் உறுதி சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். இங்கே மணிக்கணக்கு இருக்கிறது, தேர்ச்சியை யார் பார்ப்பது என்பதுதான் சந்தேகம். அதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எப்படிப் பார்ப்பது என்றால், தொப்பூரை வைத்துப் பார்க்கலாம். பெங்களூரிலிருந்து சேலம் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தருமபுரியைத் தாண்டியதும் சாலை இறங்கத் தொடங்கும் இடம் அது. எத்தனையோ விபத்துகளைக் கண்ட இறக்கம். அங்கே டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விடுகிற பழக்கம் நெடுங்காலமாக உண்டு. லாரியின் பிரேக் காற்றின் விசையில் பிடிக்கிறது. அந்தக் காற்றை நிரப்பும் கம்பிரசர் என்ஜினோடு சேர்ந்து சுழல்வது. நியூட்ரலில் வண்டியைத் தடுக்க என்ஜினின் பிடி இல்லை. என்ஜினின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் கியரில் இருந்தால்தான் வேலை செய்யும். எல்லா வேலையும் காலடியில் இருக்கும் பெடலின் தலையில் விழுகிறது. மிதித்து மிதித்து பிரேக் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. என்ஜின் மெதுவாகச் சுழல்வதால் செலவான காற்றும் சட்டென்று நிரம்புவதில்லை. சாவியையே அணைத்துவிட்டு இறங்கும் புத்திசாலிகளுக்கு ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். பிறகு செய்தித்தாளில் 'பிரேக் பிடிக்காததால்' என்று வரும். பிரேக் பிடிக்கத்தான் செய்தது, தாங்குகிற வரைக்கும்.

உங்கள் பயிற்றுநர் ஏற்றத்தில் ஏறுகிற கியரிலேயே இறக்கத்திலும் இறங்கு என்று சொல்லிக்கொடுத்து, பாரமேற்றிய வண்டியில் ஒரு மலைச்சாலைக்குக் கூட்டிப்போய்ச் செய்தும் காட்டுகிறாரா? புறப்படுமுன் காற்றழுத்த முள்ளைப் பார்க்கவைக்கிறாரா? டிரெய்லரைப் பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் வால் வலப்பக்கம் போகும் என்பதை உங்கள் கை தானாகப் புரிந்துகொள்ளும்வரை, திரும்பத் திரும்ப எடுக்கவிடுகிறாரா? வண்டிக்கடியில் படுக்கவைக்கிற பள்ளி இதையெல்லாம் செய்யும் என்றே நினைக்கிறேன். லாரியை ஓடவைக்க யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பார்கள். நிறுத்தச் சொல்லிக்கொடுப்பவருக்குத்தான் காசு கொடுக்கலாம். மாறாக, நாளைக்கு உங்களைப் பயிற்சி என்ற பெயரில் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்க அனுப்பினால், அன்றே யோசியுங்கள்.

இனி பத்திரத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட பாண்டு நீதிமன்றத்தில் நிற்காது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இரு என்று உங்கள் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கி, மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தன் அதிகாரியிடம் வாங்கிய ஒப்பந்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்திருக்கிறது. அதே சமயம், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, எழுதிய தொகை உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. எனவே தொகையைவிட அதைச் சுற்றி எழுதியிருப்பதைக் கூர்ந்து படியுங்கள். இரண்டாண்டு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? பள்ளியில் சேர்ந்த நாளா, உரிமம் வந்த நாளா, தனியாக வண்டி எடுத்த நாளா? ஒன்றரை ஆண்டு ஓட்டிவிட்டு விலகுகிறவனும் பத்தாம் நாள் ஓடுகிறவனும் ஒரே 75,000 கட்ட வேண்டுமா, மாதத்துக்கு மாதம் குறையுமா? நீங்கள் விலகாமல் நிறுவனமே உங்களை அனுப்பிவிட்டால்? போக்குவரத்து அலுவலகத் தேர்வில் தேறாவிட்டால்? பயிற்சியில் வண்டிக்குச் சேதம் வந்தால் அது யார் கணக்கு? நான் வேலை பார்த்த நாட்களில், உடைந்த பக்கக் கண்ணாடி ஒன்றின் விலையை ஓட்டுநரின் பேட்டாவில் நான்கு தவணையாகப் பிடித்ததைப் பேரேட்டில் எழுதியவன் நான். அப்படி ஒரு வரி உங்கள் பத்திரத்திலும் எங்கேனும் ஒளிந்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். அசல் பட்டச் சான்றிதழையும் அசல் உரிமத்தையும் அவர்களிடம் ஒப்படைக்காதீர்கள். நகல் கொடுக்கலாம். சாலையில் காவலர் கேட்டால் காட்ட வேண்டியவர் நீங்கள். அது நிறுவனத்தின் இரும்புப் பெட்டியில் இருந்து யாருக்கு என்ன பயன்? போக்குவரத்து வாகன உரிமம் ஐந்தாண்டுக்குச் செல்லுபடியாகும். இரண்டாண்டு முடிந்தபின்னும் மூன்றாண்டு அது உங்களோடு எந்த முதலாளியிடமும் வரும். கடனில் உங்களுக்குச் சொந்தமாக மிஞ்சுவது அதுதான்.

பேரம் பேச உங்களுக்கு இடமில்லை என்று எண்ணிவிடவும் வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை, இப்போது கையிலிருக்கும் இலகு வாகன உரிமத்தோடேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. பீன்யாவிலும் ஹொசகோட்டையிலும் சிறிய வண்டிக்கு ஆள் தேடும் கிடங்குகள் நிறைய உண்டு. இந்தக் கதவு மூடினால் வேறு கதவே இல்லை என்ற நிலையில் நீங்கள் வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியில் உட்காரப் போவதில்லை. கூடவே, ஸ்ரீராமபுரத்துப் பையன் என்பதால் தமிழும் கன்னடமும் ஓரளவு இந்தியும் உங்களுக்கு வாயில் வரும். சேலம், ஹூப்ளி, புணே என்று எங்கே வண்டி நின்றாலும் மெக்கானிக்கிடம் பேசத் தெரிந்த ஓட்டுநரை எந்த நிறுவனமும் எளிதில் விடாது. கணக்கும் தெரியும், எனவே டிரிப் செலவில் உங்களை ஏமாற்றுவதும் கடினம்.

அப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பி.காம். படித்துவிட்டு லாரியா என்று அவர் கேட்பதில், அவர் அறிந்த லாரி வாழ்க்கையின் நினைவு இருக்கிறது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வைத்த வரம்பை என் ஆபீஸ் வாசலில் நின்ற எந்த ஓட்டுநரும் கண்டதில்லை. மாநில எல்லையில் இருந்த அத்திப்பள்ளி செக்போஸ்ட் வரிசையிலேயே பாதி இரவு கழியும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் வரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகியிருக்கிறது. இதையெல்லாம் சொன்னால் அவர் சமாதானமாகிவிடுவார் என்று நான் நம்பவில்லை. பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்ற கவலையும் அவருக்கு இருக்கும், அது பொய்யான கவலையும் அல்ல. நாமக்கல் பக்கத்திலேயே இன்று அப்படித்தான். முதல் சம்பளம் வரும்வரை பொறுத்திருங்கள், பிறகு பேசுங்கள்.

தொடருங்கள் என்பதே என் பதில். வியாழக்கிழமைக்குள் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கி, வீட்டில் வைத்து இரண்டுமுறை படியுங்கள். மேலே நான் கேட்ட கேள்விகளுக்குப் பதில் அதில் இல்லாவிட்டால், அவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, பதிலைப் பக்கவாட்டில் எழுதி அவர்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு பிறகு போடுங்கள் உங்கள் கையெழுத்தை. நகல் தரமுடியாது, அலுவலகத்திலேயே படித்துவிட்டுப் போடு என்றால், போடாமல் வீட்டுக்கு வாருங்கள்.