பின்பக்கத்தைக் காலியாக விட்ட வாக்குச்சீட்டு செல்லுமா?

செல்லும், கவலை வேண்டாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் முதன்முறையாக வாக்களித்தபோது மேலே கட்சிக்கான வட்டத்தை மட்டும் நிரப்பிவிட்டுப் பின்பக்கத்தைத் தொடாமல் வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வட்டம் சீட்டில் உள்ள அக்கட்சி வேட்பாளர்கள் எல்லோருக்கும் வாக்காகும். அதற்குள் வராமல் காலியாக விட்ட பதவிகளுக்கு மட்டும் உங்கள் வாக்கு இல்லை, மற்றவை எண்ணப்படும்.

ஆனால் அந்த ஒரு வட்டம் எல்லாவற்றையும் எட்டாது. நீதிபதிகள் கட்சி சாராப் பகுதியில் வருகிறார்கள். அங்கே ஒவ்வொன்றையும் தனியாக நிரப்ப வேண்டும். வேடிக்கை என்னவென்றால், மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வேட்பாளர்களை நிறுத்துவது கட்சி மாநாடுகள்தாம். சீட்டில் மட்டும் கட்சிப் பெயர் இருக்காது! பலர் அந்த இடத்தில் பேனாவை மூடிவிடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன். கேள்விப்படாத பெயர், கட்சி அடையாளம் இல்லை, தெரியாமல் தகுதியற்றவரைத் தேர்ந்தெடுத்துவிடுவோமோ என்ற தயக்கம். சட்டமன்றத் தேர்தலில் ஒரே பொத்தானை அழுத்திப் பழகிய நமக்கு மலைப்பு இன்னும் அதிகம்.

"சின்னப் பதவிகள்தானே" என்கிறீர்கள்; அதை மட்டும் ஏற்க மாட்டேன். 2017இல் வர்ஜீனியா மாநிலக் கீழவையின் 94ஆவது தொகுதியில் இருவருக்கும் தலா 11,608 வாக்குகள். பெயர்களைக் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி எடுத்ததில் டேவிட் யான்சி வென்றார். அவையின் பெரும்பான்மையே அந்த ஓர் இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த முறை மாநிலச் செயலர் அலுவலகத்தின் இணையதளத்தில் மாதிரி வாக்குச்சீட்டைப் பார்த்து, வீட்டிலேயே பெயர்களைக் குறித்துக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் நிரப்பியே தீர வேண்டும் என்பதில்லை. தேடியும் ஒன்றும் பிடிபடாத பதவியை நானும் காலியாகவே விடுகிறேன்.