நெரிசல் நேரத்தில் மட்டும் 504: என்ஜின்எக்ஸ் நேரவரம்பைக் கூட்டலாமா?

நெரிசல் நேரத்தில் மட்டும் உங்கள் பிஎச்பி தளத்தில் 504 பிழை (நேரத்துக்குள் பதில் வரவில்லை என்பது) வருகிறது, சிபியு சும்மாதான் இருக்கிறது, வெப்சர்வரான என்ஜின்எக்ஸின் நேரவரம்பைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டாதீர்கள். சரியாக 60 நொடியில் 504 வருகிறது என்கிறீர்களே, அது என்ஜின்எக்ஸின் இயல்பான ஃபாஸ்ட்சிஜிஐ ரீட் டைம்அவுட், அதாவது பிஎச்பியின் பதிலுக்கு அது காத்திருக்கும் நேரம். அதை 300 ஆக்கினால் பயனர் இன்னும் நாலு நிமிடம் காத்துக்கிடப்பார், அவ்வளவுதான்.

சிபியு சும்மா இருக்கும்போதே இப்படி என்றால், பெரும்பாலும் பிஎச்பியை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மின் வொர்க்கர்கள் (கோரிக்கைகளைக் கவனிக்கும் புராசஸ்கள்) தீர்ந்துபோய்க் கோரிக்கைகள் வரிசையில் நிற்கின்றன. உபுண்டுவில் பிஎம் மேக்ஸ் சில்ட்ரன் (அதிகபட்ச வொர்க்கர் எண்ணிக்கை) 5 என்றுதான் வரும். நெரிசலுக்கு அது எந்த மூலைக்கு!

எஃப்பிஎம் லாகில் அந்த வரம்பை எட்டியதாக எச்சரிக்கை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உயர்த்துங்கள், ஆனால் கணக்கோடு: ஒரு வொர்க்கர் 60 எம்பி மெமரி பிடித்தால், ஒதுக்கிய 2 ஜிபிக்கு 30 போதும். அப்புறம் மெதுவான கோரிக்கைகளைப் பதிவுசெய்யும் ஸ்லோலாகையும் போட்டு வையுங்கள். எல்லா வொர்க்கர்களும் ஒரே மெதுவான டேட்டாபேஸ் குவெரியில் மாட்டியிருந்தால், வொர்க்கரைக் கூட்டுவது டேட்டாபேஸைத்தான் திணறடிக்கும்.