ஊனோவுக்கு எழுதிய ப்ரோக்ராம் மாற்று போர்டுகளில் ஓடுமா?

"ஆர்டுயினோ கம்பாட்டிபிள்" (ஆர்டுயினோவுக்கு இணக்கமானது) என்று போட்டு விற்கும் போர்டை வாங்கலாமா, ஆர்டுயினோவின் ஊனோ போர்டில் (ப்ரோக்ராம் ஏற்றி விளக்கு, மோட்டார், சென்சார்களை இயக்கும் சிறிய சர்க்யூட் போர்டு) ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமை அப்படியே அதில் ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஊனோவை அச்சு அசலாகப் பார்த்துச் செய்த போர்டையும் அப்படித்தான் சொல்கிறார்கள். முற்றிலும் வேறு சிப் இருந்தாலும், ஆர்டுயினோ மென்பொருளிலிருந்து ப்ரோக்ராம் ஏற்ற முடிகிற போர்டையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

முதல் வகையைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஊனோவின் வரைபடம் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்து போர்டு செய்யலாம், ஆர்டுயினோ என்ற பெயரைத்தான் போட்டுக்கொள்ளக் கூடாது. உள்ளே அதே ஏடிமெகா328பி சிப், அதே 16 மெகாஹெர்ட்ஸ், ப்ரோக்ராம் தங்க அதே 32 கேபி ஃப்ளாஷ், அதே 2 கேபி ராம். பெரும்பாலும் கணினியோடு பேசும் யூஎஸ்பி சிப் மட்டும் மாறும். அசல் ஊனோ ஆர்3-ல் ஏடிமெகா16யூ2 இருக்கும் இடத்தில் இவற்றில் சிஎச்340 இருக்கும். கணினி போர்டைக் கண்டுகொள்ளவில்லை என்றால் அதன் டிரைவரைப் போட்டுக்கொள்ளுங்கள். நானோ (ஊனோவின் குட்டி வடிவம்) போர்டின் நகலை வாங்கி, அதில் ப்ரோக்ராம் ஏறாமல் அடம்பிடித்தால், ப்ராசஸர் மெனுவில் "ஓல்ட் பூட்லோடர்" என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பூட்லோடர் என்பது கணினியிலிருந்து வரும் ப்ரோக்ராமை வாங்கிச் சிப்பில் பதியும் குட்டி ப்ரோக்ராம். பழையது 57600 வேகத்தில் பேசும், புதியது 115200. போர்டு கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இந்த ஒரு காரணத்தால்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும்.

இரண்டாவது வகையில்தான் நிதானம் தேவை. ஈஎஸ்பி8266, ஈஎஸ்பி32, ஆர்பி2040 சிப் உள்ள பைக்கோ, எஸ்டிஎம்32 உள்ள ப்ளூ பில் எல்லாம் இந்த வகை. இவை ஒவ்வொன்றுக்கும் யாரோ உட்கார்ந்து ஒரு "கோர்" எழுதியிருக்கிறார்கள். நீங்கள் டிஜிட்டல்ரைட் (ஒரு பின்னை, அதாவது ஒயர் செருகும் காலை, ஆன்-ஆஃப் செய்யும் கட்டளை) என்று எழுதினால், அந்தந்தச் சிப்புக்கு அது என்ன அர்த்தம் என்று மொழிபெயர்த்துக் கொடுப்பது கோர்தான். உங்கள் ப்ரோக்ராம் இந்தப் பொதுப் பெயர்களோடு நிற்கும்வரை பெரும்பாலும் ஓடிவிடும். ஏடிமெகாவின் ரெஜிஸ்டரை (சிப்பின் பாகங்களைக் கட்டுப்படுத்தும் உள் நினைவிடம்) நேராகத் தொட்ட வரி எதுவாக இருந்தாலும் அங்கேயே நின்றுவிடும். ஆர்டுயினோவே 2023-ல் வெளியிட்ட ஊனோ ஆர்4-ம் இதற்கு விலக்கு அல்ல. அதே வடிவம், அதே 5 வோல்ட், ஆனால் உள்ளே ரெனிசாஸ் சிப். பழைய சிப்பின் டைமரை நேராகத் தொட்டு எழுதிய லைப்ரரிகள் (பிறர் எழுதி வைத்த ஆயத்தத் தொகுப்புகள்) அதில் கம்பைல் ஆகாது, அதாவது சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாறாது.

கம்பைல் ஆகாமல் போவதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்வேன். எந்த வரியில் சிக்கல் என்று அதுவே சொல்லிவிடுகிறது. சத்தமில்லாமல் தப்பாக ஓடுவதுதான் ஆளைப் படுத்தும். பின்னில் உள்ள மின்னழுத்தத்தை எண்ணாகச் சொல்லும் அனலாக்ரீட், ஊனோவில் 0 முதல் 1023 வரை தரும், ஈஎஸ்பி32-ல் 4095 வரை தரும். இன்ட் என்ற முழு எண் வகை ஊனோவில் 2 பைட், இந்த இரண்டாவது வகைப் போர்டுகளில் 4 பைட். ஒரு நிமிடம் காத்திருக்க டிலே என்று எழுதி அடைப்புக்குள் 60*1000 என்று போட்டால் ஈஎஸ்பி32 சரியாக ஒரு நிமிடம் காத்திருக்கும். அதே வரியை ஊனோவுக்குக் கொண்டுவந்தால் பெருக்கல் 2 பைட்டின் உச்சமான 32767-ஐத் தாண்டி, விடை -5536 ஆகிவிடும். டிலே அதைக் குறி இல்லாத எண்ணாக எடுத்துக்கொண்டு ஏறக்குறைய 50 நாள் தூங்கப் போய்விடும். 60000யூஎல் (யூஎல் என்றால் குறி இல்லாத பெரிய எண்) என்று எழுதிவிட்டால் இரண்டிலும் சரியாக ஓடும். மின்சாரம் போனாலும் தகவலை வைத்திருக்கும் ஈப்ராமும் அப்படித்தான். ஈஎஸ்பி சிப்களில் முதலில் பிகின் சொல்ல வேண்டும், எழுதி முடித்ததும் கமிட் சொல்ல வேண்டும், மறந்தால் போர்டை அணைத்ததும் எல்லாம் போய்விடும்.

பின்களின் கதையை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு ஒன்றை ஊனோவில் செய்திருந்தேன். தொட்டிக்குள் இருக்கும் மிதவை ஸ்விட்ச் 3-ம் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இருந்தது. வைஃபை வேண்டும் என்று அதை ஈஎஸ்பி8266 சிப் உள்ள நோட்எம்சியு போர்டுக்கு மாற்றினேன். ப்ரோக்ராமில் 3 என்ற எண்ணை அப்படியே விட்டுவிட்டு, ஒயரை டி3 என்று எழுதியிருந்த காலில் செருகினேன். ஸ்விட்சை அது படிக்கவே இல்லை. டி3 என்பது போர்டில் அச்சிட்ட பெயர் மட்டுமே, சிப்பைப் பொறுத்தவரை அது ஜிபிஐஓ0, அதாவது 0-ம் எண் பின். வெறும் 3 என்று எழுதினால் கணினியிலிருந்து தகவல் வாங்கும் சீரியல் ஆர்எக்ஸ் பின்னைத்தான் குறிக்கும்.

சரி என்று ப்ரோக்ராமில் டி3 என்று திருத்தினேன். ஓடியது. அப்புறம் ஒரு நாள் மின்சாரம் போய் வந்தபோது போர்டு எழவில்லை. ரீசெட் அழுத்தினாலும் எழவில்லை. சில மணி நேரம் கழித்து அழுத்தினேன், எழுந்துகொண்டது. இரண்டு நாள் பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டு மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில்தான் பிடிபட்டது: தொட்டி நிரம்பியிருந்தால் எழுவதில்லை, நீர் குறைந்திருந்தால் எழுகிறது. ஜிபிஐஓ0 பின் கிரவுண்டில் இருக்கும்போது ஈஎஸ்பி8266-க்கு மின்சாரம் வந்தால், புதிய ப்ரோக்ராம் வரப்போகிறது என்று அது காத்துக்கொண்டு நின்றுவிடும். தொட்டி நிரம்பியதும் மிதவை ஸ்விட்ச் அந்தப் பின்னை கிரவுண்டோடு இணைத்துவிடுகிறது. ஒயரை டி5-க்கு மாற்றினேன், அன்றிலிருந்து தொந்தரவு இல்லை. டி4, டி8 பின்களிலும் போர்டு எழும் நேரத்தில் இதே மாதிரி நிபந்தனைகள் உண்டு. ஸ்விட்ச், ரிலே எதையும் முதலில் டி1, டி2, டி5 பின்களில் வையுங்கள்.

மின்னழுத்தத்தைச் சோம்பேறித்தனமாக விட்டுவிடாதீர்கள். ஊனோ 5 வோல்ட். ஈஎஸ்பி, பைக்கோ, ப்ளூ பில் எல்லாம் 3.3 வோல்ட். எச்சி-எஸ்ஆர்04 தூர சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட்டைத் தள்ளும். அதை நேராகக் கொடுத்தால் சிப் உடனே சாகாமல் போகலாம், அதற்காக அது சரி என்று ஆகிவிடாது. எக்கோவிலிருந்து 1 கிலோஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் என்று இரண்டு ரெசிஸ்டர் போட்டு, இரண்டும் சேரும் இடத்திலிருந்து எடுத்தால் 3.3 வோல்ட் கிடைக்கும். எதிர்த் திசையில் பிரச்சினை குறைவு என்றாலும், 5 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ்2812 விளக்கு வரிசைக்கு 3.3 வோல்ட் சிக்னல் போதாமல் விளக்குகள் தாறுமாறாக மின்னலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ப்ரோக்ராமில் போர்ட்பி, டிடிஆர்டி, டிசிசிஆர்1ஏ மாதிரி ஏடிமெகா ரெஜிஸ்டர் பெயர்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பிறகு நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு லைப்ரரியின் ஃபோல்டரிலும் லைப்ரரி.ப்ராப்பர்ட்டீஸ் என்ற கோப்பைத் திறந்து, ஆர்கிடெக்சர்ஸ் என்ற வரியைப் பாருங்கள். அங்கே நட்சத்திரக் குறி இருந்தால் எல்லாச் சிப்புக்கும் என்று எழுதியவர் சொல்கிறார். ஏவிஆர் (ஏடிமெகா சிப்களின் குடும்பப் பெயர்) என்று மட்டும் இருந்தால் ஊனோவின் நகல் போர்டையே வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது அதற்கு மாற்று லைப்ரரியை முதலில் தேடுங்கள். எந்த லைப்ரரிகள் என்று கீழே எழுதினால் நானும் சேர்ந்து பார்க்கிறேன்.