புயல் எச்சரிக்கை வந்திருக்கிறது. செட்டிநாட்டில் ஒரு தெரு முழுவதையும் எப்படித் தயார் செய்வது?

கேள்வியில் உள்ள விவரம்: பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு தெரு, சுமார் 40 வீடு, பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, கையில் மூன்று நாள் அவகாசம்.

கடல் நம்மிடமிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடல் நீர் ஏறி வராது, சரி. அதற்காகச் சும்மா இருந்துவிட முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே மணிக்கு 100 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகக் காற்றோடு கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துக்கொண்டுதான் மேற்கே போனது. நம் பக்கம் அடி விழுவது கூரை ஓட்டிலும் மரத்திலும் தேங்கும் தண்ணீரிலும். மூன்றுமே ஆள் இல்லாத வீட்டில்தான் பெரிதாகும்.

அதனால் முதல் வேலை சாவி. எந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, காவலாளியின் போன் எண் என்ன, சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் உரிமையாளரின் வாட்ஸ்அப் எண் என்ன என்று முதல் நாளே ஒரு நோட்டில் எழுதுங்கள். பங்காளிகள் அறை அறையாகப் பூட்டி வைத்திருக்கும் வீடுகளில் வெளிக்கதவுச் சாவி மட்டும் போதாது. ஓடு நகர்ந்து ஒழுகுவது பூட்டிய அறைக்குள்தான் என்றால், தெரியவே மாதக்கணக்காகும். முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் அனுமதி கிடைத்துவிடும். பெட்டிசாமான் நனைந்த பிறகு கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

அடுத்து முற்றத்துத் தண்ணீர் போகும் வழி. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் 100 மி.மீ. மழை பெய்தால் 100 லிட்டர். உள்பக்கம் சரியும் கூரை 200 சதுர மீட்டர், முற்றம் 50 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 25,000 லிட்டர் அந்த ஒரு முற்றத்தில் இறங்கும். வெளியேறும் துவாரம் அடைத்துக்கொண்டால் முற்றத்தில் அரை மீட்டர் தண்ணீர் நிற்கும். அது வளவு (முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரமும் அறைகளும்) முழுக்கப் பரவி, சுண்ணாம்புச் சுவரின் அடியை ஊற வைத்துவிடும். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றிப் பாருங்கள். சுழித்து இறங்கினால் சரி. தேங்கி நின்றால் மூங்கில் குச்சியை விட்டுக் குத்தாதீர்கள். அடைப்பு இன்னும் உள்ளே போய் இறுகும். தெருப்பக்க வாயிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சித் தள்ளுங்கள். பிறகு துவாரத்தில் கம்பி வலை வைத்து, முற்றத்தில் கிடக்கும் சருகு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் அள்ளிவிடுங்கள். கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் தகரப் பீலியையும் அப்படியே.

வீட்டிலிருந்து வெளியேறிய தண்ணீர் தெரு வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போயாக வேண்டும். வாய்க்காலுக்கு மேல் பலகைக்கல் போட்டு வண்டி நிறுத்தும் இடங்கள், ஊருணி வரத்துக்காலில் வளர்ந்த கருவேலம், வடிகால் வாயில் கொட்டிய கட்டட இடிபாடு, இவைதான் வழக்கமான அடைப்புகள். ஊருணி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் உபரி நீர் போகும் கலுங்கையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் தண்ணீர் திரும்பித் தெருவுக்கே வரும்.

ஓட்டுக்கு வருவோம். காற்று ஓட்டைத் தள்ளுவதை விட மேலே தூக்குகிறது. முதலில் கிளம்புவது கூரை விளிம்பும் முகட்டு ஓடும். ஒரு ஓடு போனால் அந்த ஓட்டை வழியாக உள்ளே புகும் காற்று பக்கத்து ஓடுகளையும் கிளப்பும். மழை தொடங்குவதற்கு முன்பே கொத்தனாரை வரவழைத்து, தளர்ந்த முகட்டு ஓடுகளுக்குச் சாந்து பூசச் சொல்லுங்கள். கடைசி நாளில் பூசினால் சாந்து இறுகாது. அவர் ஓட்டின் மீது நேராகக் கால் வைக்காமல், ஓட்டைத் தாங்கும் கைமரத்தின் மேல் வரும்படி பலகை போட்டு நடக்க வேண்டும். தார்ப்பாய் விரித்தால் கயிற்றால் கட்டுங்கள், ஓரத்தில் மணல் மூட்டை வையுங்கள். செங்கல் வைக்கவே வேண்டாம், அது யார் தலையிலாவது விழும். முகப்பின் மேல் உள்ள சுதைச் சிற்பங்களில் விரிசல் இருந்தால் கீழே ஆள் நடக்காதபடி கயிறு கட்டிவிடுங்கள்.

‘காற்று வெளியேற ஒரு ஜன்னலைத் திறந்து வை’ என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அது தவறு. முன்வாசலும் பின்வாசலும் நேர்கோட்டில் இருக்கும் நம் வீட்டில் ஒரு கதவு திறந்துகொண்டாலே காற்று உள்ளே புகுந்து கூரை ஓடுகளை அடியிலிருந்து தூக்கும். தாழ்ப்பாள் மட்டும் போதாது, குறுக்குக் கட்டையும் போடுங்கள். கண்ணாடியில் டேப் ஒட்டுவதால் அது வலுவாகாது, 12 மி.மீ. ப்ளைவுட் பலகையைத் திருகி அடைப்பதே சரி. காற்று ஒரே திசையில் அடிக்காது என்பதையும் மனதில் வையுங்கள். புயலின் மையம் நமக்கு வடக்கே கடந்தால் முதலில் வாடை (வடக்குக் காற்று), பிறகு மேல்காற்று (மேற்குக் காற்று), பிறகு தெற்குக் காற்று என்று திரும்பும். தெற்கே கடந்தால் மேல்காற்றுக்குப் பதில் கீழ்க்காற்று (கிழக்குக் காற்று). எனவே நாலு பக்கமும் அடைப்பு வேண்டும்.

தென்னையில் நெற்றுக்காயையும் காய்ந்த மட்டையையும் இரண்டு நாள் முன்பே இறக்குங்கள். முருங்கை சுலபமாக முறியும், அதன் உயரத்தைக் குறையுங்கள். மின்கம்பிக்கு அருகில் உள்ள கிளையை நீங்கள் வெட்டக் கூடாது. மின்வாரியத்திடம் சொல்லுங்கள் (மின்னகம் 94987 94987). வெட்டியதைத் தெருவிலேயே போட்டுவிட்டால் காற்றில் பறக்கும், இல்லாவிட்டால் வாய்க்காலை அடைக்கும். மொட்டைமாடி பிளாஸ்டிக் தொட்டியை நிரப்பி வையுங்கள்: 1000 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் ஒரு டன் எடை, காலியாக இருந்தால் பந்து மாதிரி உருளும். மின்சாரம் இருக்கும்போதே மோட்டார் போட்டுவிடுங்கள். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன, பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று, குறைந்தது மூன்று நாளுக்கு.

வாசலில் தண்ணீர் புகும் என்ற சந்தேகம் இருந்தால் மணல் மூட்டையை மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, வாயை மடித்து, செங்கல் அடுக்குவது போல மாற்றி மாற்றி வைத்து மிதித்து அழுத்துங்கள். முழுக்க நிரப்பினால் மூட்டைகளுக்கு நடுவே சந்து விழும். 4 அடி வாசலுக்கு இரண்டு அடுக்காக 12–15 மூட்டை, தண்ணீர்ப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு.

ஆள் விஷயத்தில், பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர். நம் ஊர்களில் தனியாக இருக்கும் ஆச்சிகளும் அய்யாக்களும் அதிகம். ஆக்சிஜன் கருவி வைத்திருப்பவர், டயாலிசிஸ் செய்பவர், மாதம் நிறைந்த கர்ப்பிணி ஆகியோரை 24 மணி நேரம் முன்பே காரைக்குடியில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். மரம் விழுந்த சாலையில் 108 வர முடியாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் இருப்பதால், உங்கள் ஊர் எதில் என்று சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள்.

ஜெனரேட்டரை முற்றத்தில் வைக்காதீர்கள். மேலே திறந்திருப்பதால் புகை போய்விடும் என்று தோன்றும். ஆனால் கார்பன் மோனாக்சைடு சுற்றியுள்ள அறைகளுக்குள் புகுந்து தூங்குபவரைக் கொல்லும். அதற்கு இடம் வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி. சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (வெளி மின்இணைப்பைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) இல்லாமல் பிளக்கில் சொருகினால் மின்சாரம் வெளிக்கம்பிக்கு ஏறி, கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து.

திடீரென்று காற்று நின்றால் வெளியே வராதீர்கள், அது புயலின் மையப்பகுதியாக இருக்கலாம். எதிர்த்திசைக் காற்று உடனே தொடங்கும். எல்லாம் ஓய்ந்த பிறகும் அறுந்த கம்பியிலிருந்து பத்து மீட்டர் விலகியே நடங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்து, ஊறும் தண்ணீரில் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். குளோரின் வாசனை லேசாகக்கூட வரவில்லை என்றால் அளவு போதவில்லை, இன்னொரு முறை போட வேண்டும்.