4,000 லக்ஸ் வெளிச்சம் கொத்தமல்லிக்குப் போதுமா?

கேள்வி: வெயிலே எட்டாத சமையலறை அலமாரியில், தொட்டிக்கு ஓரடி மேலே இரண்டு வெள்ளை எல்.இ.டி. டியூப் மாட்டி, தினமும் 12 மணி நேரம் எரியவிட்டுக் கொத்தமல்லி வளர்க்கிறேன். தண்டு நெடுநெடுவென ஓடிச் சாய்கிறது. போன் செயலி 4,000 லக்ஸ் காட்டுகிறது. பார்க்க நல்ல வெளிச்சமாகத்தான் இருக்கிறது. என்ன குறை?

பதில்: வெளிச்சம்தான் குறை. இந்த விஷயத்தில் கண்ணை நம்பவே கூடாது. 500 லக்ஸில் நாம் வசதியாகப் புத்தகம் படிக்கிறோம். உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். கண் இரண்டுக்கும் பழகிக்கொள்ளும், செடியால் முடியாது.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்கு, இலைமேல் ஒரு நாளில் எத்தனை ஒளித்துகள் விழுகின்றன என்பதே கணக்கு. வெள்ளை எல்.இ.டி. என்றால் லக்ஸை 67ஆல் வகுங்கள். ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) விழுகிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். உங்களுக்கு 60. அதை 12 மணி நேரத்திலுள்ள நொடிகளால் பெருக்கினால் நாளுக்கு 2.6 மோல் (பத்து லட்சம் மைக்ரோமோல் ஒரு மோல்). மணி பிளான்ட் இதில் பிழைத்துக்கொள்ளும். கொத்தமல்லிக்கு 12 மோல் அளவிலாவது கொடுங்கள் என்பேன். விளக்கை 14 மணி நேரம் எரியவிட்டாலும், இலை மட்டத்தில் 16,000 லக்ஸ் வேண்டும்.

டியூபை அரை அடிக்கு இறக்கினால் ஏறக்குறைய இரு மடங்காகும். பக்கத்தில் இன்னும் இரண்டு டியூப் சேர்த்தால் அந்த அளவை நெருங்கலாம். பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

அளப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இரவில், மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு அளவெடுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் சென்சார் முன்பக்கக் கேமராவுக்கு அருகில் இருக்கும். விரலால் மூடிப் பார்த்தால் எண் சடாரென்று விழும், இடம் தெரிந்துவிடும். அந்தப் பக்கம் விளக்கைப் பார்க்க, இலை நுனி மட்டத்தில் போனைப் படுக்கவையுங்கள். உங்கள் தலையின் நிழல் விழக் கூடாது. நடுவில் ஒன்று, நான்கு மூலைகளில் ஒவ்வொன்று என ஐந்து அளவு எடுங்கள். நடுவில் மட்டும் அளந்து திருப்திப்பட்டால் ஓரத்துச் செடிகள் பட்டினி கிடக்கும். போனுக்குப் போன் எண் மாறும் என்பதால், அடிக்கடி அளப்பவர்கள் தனி லக்ஸ் மீட்டர் வாங்கிக்கொள்வது நல்லது.

ஊதா நிறத்தில் எரியும் சிவப்பு-நீல விளக்குகளுக்கு இந்த 67 கணக்கு பொருந்தாது. லக்ஸ் மீட்டர் பச்சையைத்தான் அதிகம் மதிக்கும். அங்கே உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அதற்கு மைக்ரோமோல் அளக்கும் கருவியே வேண்டும்.

ஏற்கெனவே சாய்ந்த தண்டு இனி நிமிராது. அதைக் கிள்ளி ரசத்துக்குப் போட்டுவிட்டு, புது விதை தூவி, முளை தலைகாட்டும் நாளிலிருந்தே முழு வெளிச்சம் கொடுங்கள்.