மாதந்தோறும் வரும் பண்டிகைகள், சிறப்பு நாட்களுக்கு ஏற்ற சிறுவர் புத்தகங்களை வகுப்பு நூலகத்துக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது?

தொடக்கப் பள்ளி வகுப்பு, முப்பது பிள்ளைகள், கையில் சிறு தொகை. ஒவ்வொரு மாதமும் வரும் நாட்களை ஒட்டிக் கதைப் புத்தகம் வைக்க வேண்டும், அதில் எல்லா வகைப் பிள்ளைகளும் வர வேண்டும். கேட்டிருப்பது இதுதானே? தமிழ்நாட்டுப் பள்ளி ஆண்டை வைத்தே சொல்கிறேன்.

முதலில் நாட்காட்டியை ஜூனில் தொடங்குங்கள். ஜனவரியில் தொடங்கும் பட்டியல்கள் பள்ளிக்கு உதவாது. ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் பள்ளி திறக்கும் அமளியில் போய்விடும். ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் ஆண்டுத் தேர்வோடு முட்டும். மே தினம் விடுமுறையில் வரும். அதனால் சுற்றுச்சூழல் புத்தகத்தை ஜூன் கடைசிக்குத் தள்ளுங்கள். அம்பேத்கர் புத்தகத்தை நவம்பர் 26, அரசியலமைப்பு நாளுக்கு வையுங்கள். உழைப்பாளர் கதையைக் கோடை விடுமுறைக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். சிங்காரவேலர் 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதை அப்போது ஒரு வரி சொன்னால் போதும்.

ரம்ஜானை எந்த மாதத்திலும் நிரந்தரமாக எழுதாதீர்கள். ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும்; 2030-ல் ஜனவரியில் ஒரு முறையும் டிசம்பர் கடைசியில் இன்னொரு முறையும் நோன்பு தொடங்கும். லேமினேட் செய்த அட்டவணை மூன்றே வருடத்தில் பொய்யாகிவிடும். பென்சிலில் எழுதுங்கள்.

மாதத்துக்கு நான்கு புத்தகம் போதும். பத்து மாதத்துக்கு நாற்பது. அந்த நான்கில் இரண்டுதான் அந்த மாதத்து நாளைச் சேர்ந்தவை. மூன்றாவது, வேறொரு மாதத்துப் பிள்ளையின் சாதாரண நாள் கதை. நான்காவது வெறும் சிரிப்புக்கு.

அந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ரம்ஜானுக்கு மட்டும் ஒரு முஸ்லிம் பிள்ளை, டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாளுக்கு மட்டும் சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை என்று வைத்தால், அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை வந்துபோகும் விருந்தாளி ஆகிவிடுகிறார்கள். ஆகவே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: யாருக்காக ஒரு சிறப்பு நாள் புத்தகம் வாங்கினாலும், அதே பிள்ளை பல் விழுந்ததற்கு அழுவதும், மாங்காய் திருடுவதும், தம்பியோடு சண்டை போடுவதுமான இன்னொரு புத்தகம் வேறு மாதத்தில் இருக்க வேண்டும். பிள்ளைக்குப் புத்தகம் தன்னைப் பார்க்கும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், பிறர் வாழ்க்கையைப் பார்க்கும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-ல் எழுதினார். வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்குக் கண்ணாடியாக இருக்கும் புத்தகம் மற்ற இருபத்தொன்பது பேருக்கு ஜன்னல். அதனால் அந்த ஒருவருக்காக வாங்குவதா என்று தயங்க வேண்டாம்.

இப்போது கடையில் நின்று புரட்டும்போது என்ன பார்ப்பது? ஒரு ரம்ஜான் படக்கதையை எடுத்துக்கொள்வோம். தமிழில் கிடைப்பவற்றில் பல வேறு மொழியிலிருந்து வந்தவை. மேசையில் சேமியாவும் பேரீச்சம்பழமும் இருக்கும், பிள்ளை அப்பாவை ‘அப்பா ஜான்’ என்று கூப்பிடும். நம் ஊர்ப் பிள்ளை கூப்பிடுவது அத்தா அல்லது வாப்பா. சாயங்காலம் தூக்குவாளியோடு பள்ளிவாசலுக்குப் போய் நோன்புக் கஞ்சி வாங்கி வருவது, பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போவது, இதெல்லாம் இருந்தால் எழுதியவர் உள்ளிருந்து எழுதியிருக்கிறார் என்று தெரிந்துவிடும். வடநாட்டுக் கதை தப்பில்லை. அதை வடநாட்டுக் கதையாகவே சொல்லி வாசியுங்கள். கிறிஸ்துமஸுக்கும் இதே சோதனைதான். பனியும் கலைமானும் மட்டும் என்றால் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடலாம். வாசலில் காகித நட்சத்திரம், குடிலுக்கு வைக்கோல், ராத்திரி கேரல் பாட வருபவர்களுக்காக வீட்டில் காத்திருப்பது என்று இருந்தால் எடுங்கள்.

பொங்கல் புத்தகத்தில் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் ஒரு முறை புரட்டுங்கள். வயலில் குனிந்திருப்பவர் யார், பானைக்கு முன்னால் நிற்பவர் யார், இருவரும் ஒரே நிறத்தில் வரையப்பட்டிருக்கிறார்களா, நெல் அறுத்தவருக்குக் கதையில் பெயர் உண்டா? ஊஞ்சல் வைத்த ஓட்டு வீடும் பட்டுப்பாவாடையும் மட்டுமே வரும் புத்தகம் அழகாக இருக்கலாம். ஆனால் கரும்பு வெட்டப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு அதில் இடமில்லை.

தீபாவளிக்கு ‘தீபாவளிக் கதை’ என்று கேட்டால் நரகாசுரனைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஒன்று இருக்கட்டும். இரண்டாவதாக ஒரு பறவைப் புத்தகம் வையுங்கள். காரணம் இருக்கிறது: பறவையியலாளர் சாலிம் அலி பிறந்தநாள் நவம்பர் 12, வலசைப் பறவைகள் வரும் பருவமும் அதுவே, சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. புத்தகத்தை வாசித்துவிட்டு இதைச் சொன்னால், வெடி வெடிக்காதே என்று தனியாக உபதேசம் வேண்டியிருக்காது.

ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடியினர் நாளுக்குத்தான் மோசமான புத்தகங்கள் அதிகம். இரண்டு அடையாளம் போதும்: வாக்கியங்கள் ‘வாழ்ந்தார்கள், ஆடினார்கள்’ என்று இறந்தகாலத்திலேயே போகும், படத்தில் எல்லோரும் நடன உடையில் இருப்பார்கள். இன்றைய வேலையும் அறிவும் தெரியும் புத்தகம் கிடைக்காவிட்டால், பாம்புகள் பற்றிய ஒரு நல்ல அறிவியல் நூலை எடுங்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது; பாம்புக்கடி மருந்துக்கான விஷம் அங்கே எடுக்கிறார்கள்; வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் இதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பிப்ரவரி 21 தாய்மொழி நாளுக்குச் செலவே இல்லை. சிறுவர் கதைகளை இலவசமாகத் தரும் ஸ்டோரிவீவர் இணையத் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் கிடைக்கும். திறந்த உரிமம் என்பதால் அச்செடுக்கத் தடையில்லை. செங்கல் சூளைக்கு வந்த ஒடியாக் குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால், ஒரே கதையின் தமிழ், ஒடியா இரண்டையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைதான் வாசித்துக் காட்ட வேண்டும். கறுப்பு வெள்ளையில் அச்செடுப்பதானால் கோட்டோவியமாகப் பார்த்து எடுங்கள். அடர் வண்ணப் படங்கள் கரிக்கட்டையாகிவிடும். மொழிபெயர்ப்பை யாரும் செய்து ஏற்றலாம் என்பதால், அச்சுக்கு முன் ஒரு முறை எழுத்துப்பிழை பாருங்கள்.

தலைவர்கள் பிறந்தநாளுக்குப் பெரிதாக யோசிக்க வேண்டாம். தேதிகளை அடுக்கும் வாழ்க்கை வரலாறு ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு ஏறாது. ஒரே சம்பவத்தில் நிற்கும் கதை ஏறும். காமராஜருக்கு (ஜூலை 15) பள்ளி மதிய உணவு பற்றிய கதை எதுவும் பொருந்தும்.

நாள் பொருந்தினாலும் நிலை பொருந்தாவிட்டால் புத்தகம் அலமாரியில் தூங்கும். ஸ்டோரிவீவரில் முதல் நிலை 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை. அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. நீங்கள் உரக்க வாசித்துக் காட்டப் போகிறீர்கள் என்றால் ஒரு படி மேலே எடுக்கலாம். 600 சொல் கதை, படத்தைக் காட்டிக் காட்டி வாசித்தால் ஏழெட்டு நிமிடம் ஆகும். பிள்ளையே வாசிக்க என்றால் ஒரு படி கீழே எடுங்கள். வாங்கும் முன் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘பாட்டி தன் கண்களைச் சுழற்றினாள்’ போல ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வாக்கியம் ஒன்று அகப்பட்டால் மிச்சமும் அப்படித்தான் இருக்கும்.

வாங்குவதை மாதாமாதம் செய்யாதீர்கள். பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியிலோ உங்கள் மாவட்டப் புத்தகத் திருவிழாவிலோ 10 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். அங்கே முக்கால்வாசியை முடித்துவிட்டு, கால்வாசிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். ஜூனில் வகுப்புக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் எந்தக் கண்ணாடி குறைகிறது என்று தெரியும். தபாலில் வரவழைப்பதானால் தேவைப்படும் நாளுக்கு ஆறு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கட்டும் பாருங்கள். நடுவில் பின் அடித்த 16, 24 பக்கப் புத்தகம் தட்டையாக விரியும், முப்பது கை பட்டாலும் நிற்கும். முதுகில் பசை மட்டும் போட்டது, விரித்துப் பிடிப்பதிலேயே தாள் தாளாகக் கழன்றுவிடும். அதை வாங்கிய அன்றே முதுகில் துணி டேப் ஒட்டுங்கள். செலோடேப் வேண்டாம், ஒரு கோடை தாண்டினால் மஞ்சளாகிப் பசை கக்கி அடுத்த புத்தகத்தின் அட்டையையும் பிடித்துக்கொள்ளும்.