ஆடிஷனுக்கு முன் கை நடுங்குகிறது: நண்பர் தந்த மாத்திரையைப் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. மதுரையில் ஒரு நாடகக் குழுவில் ஐந்து ஆண்டுகளாக நடித்து வருகிறேன். மேடையில் எனக்குப் பயமே இருந்ததில்லை. ஆனால், சினிமா ஆடிஷனுக்காகச் சென்னைக்கு வந்து கேமரா முன் நின்றால் கை நடுங்குகிறது, வாய் உலர்ந்துபோகிறது, மனப்பாடமாக இருந்த வசனம் மறந்துவிடுகிறது. சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு என்பதால், மூச்சு முட்டிவிடுமோ என்று பயந்து உள்ளே போகும் முன் இன்ஹேலரை இரண்டு முறை இழுத்துக்கொள்வேன். நண்பர் ஒருவர் புரோப்ரனலால் மாத்திரை கொடுத்து, போட்டுக்கொண்டால் நடுக்கம் வராது என்கிறார். போடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: அந்த மாத்திரையை நீங்கள் போடக் கூடாது. புரோப்ரனலால் என்பது பிரிட்டன் மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக் 1960-களில் இதய நோயாளிகளுக்காக உருவாக்கிய மருந்து. 1988-இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு அந்தப் பணியும் ஒரு காரணம். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் இதயத்தை முடுக்குவதை இம்மருந்து தடுப்பதால் படபடப்பும் நடுக்கமும் குறைகின்றன. மேடைக் கலைஞர்கள் சிலர் மருத்துவர் எழுதிக்கொடுத்து இதை எடுத்துக்கொள்வதும் உண்மைதான். ஆனால், மூச்சுக்குழாய்கள் விரிந்திருக்க உதவுவதும் அதே அட்ரினலின்தான். அந்த வழியையும் இது அடைத்துவிடுகிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு ஒரே ஒரு மாத்திரைகூடக் கடுமையான மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம்; அப்போது உங்கள் இன்ஹேலரும் வழக்கம்போல் கைகொடுக்காது. உங்கள் நண்பர் அக்கறையோடுதான் கொடுத்திருப்பார். அவருக்கு ஒத்துக்கொண்டது என்பதற்காக உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணிவிட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்தது இன்ஹேலரைப் பற்றிய வரியைத்தான். நீங்கள் இழுப்பது உடனடி நிவாரணத்துக்கான சால்பியூட்டமால் என்றால், கைநடுக்கமும் படபடப்பும் அந்த மருந்தின் பொதுவான பக்கவிளைவுகள். பயத்தால் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தை அது மேலும் துடிக்கவைக்கும். அதை உணரும் நீங்கள் இன்னும் பயந்துபோவீர்கள். ஆகவே, உண்மையிலேயே இழுப்போ நெஞ்சிறுக்கமோ இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். வெறும் பயத்துக்காகப் பயன்படுத்த வேண்டாம். அதே சமயம், இன்ஹேலர் எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் அது தேவைப்பட்டால் உங்கள் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள். நெஞ்சக நோய் மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு இன்ஹேலர் பற்றிக் கேளுங்கள். ஆடிஷன் இல்லாத நாள்களிலும் கை நடுங்கினாலோ, உடல் மெலிந்துகொண்டே வந்தாலோ தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்றும் அவசியம்.

மேடையில் வராத பயம் இங்கே மட்டும் ஏன் வருகிறது என்பது நியாயமான ஐயம். ஆபத்து என்று மூளை கருதியதும் உடல் ஓடுவதற்குத் தயாராகிறது: ரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது, உமிழ்நீர் குறைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. நாடகத்தில் நடந்தும் குரல் உயர்த்தியும் அந்த வேகத்தை முதல் சில நிமிடங்களிலேயே செலவழித்துவிடுகிறீர்கள். ஆடிஷனிலோ, அதே வசனத்தை முணுமுணுக்கும் இருபது பேருடன் இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, தரையில் ஒட்டிய டேப்பின் மேல் அசையாமல் நிற்க வேண்டியிருக்கிறது. ஓடத் தயாரான உடலை நிற்கச் சொன்னால் அது நடுங்கத்தான் செய்யும். இதை நடிப்புத் திறமையின் குறை என்று எண்ணாதீர்கள். பிரிட்டன் நடிகர் லாரன்ஸ் ஒலிவியே உலகப் புகழ் பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, 1960-களில்தான் கடும் மேடைப் பயத்துக்கு ஆளானார்.

எனவே, அந்த வேகத்தைச் செலவழிக்க வழி செய்யுங்கள். உங்கள் முறை வருவதற்கு முன் ஐந்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். முஷ்டியை இறுக மூடி மூடித் திறவுங்கள். பிறகு மூக்கால் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். மூச்சை வெளிவிடும்போது வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கிறது என்பதால் விடும் நேரம் நீளமாக இருப்பதுதான் முக்கியம். பெரிது பெரிதாக இழுத்தால் தலைசுற்றலும் விரல் மரமரப்பும் வரும். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு நடிகையை, அடுத்த நாள் ஆடிஷனில் பேசவிருந்த வசனத்தை என் அறையிலேயே பேசச் சொன்னேன். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. நாடி நிமிடத்துக்கு 118. இப்படி நான்கு நிமிடம் மூச்சு விட்ட பிறகு நாடி 94-க்கு இறங்கியது. அதே வரியை மேசைமேல் கையூன்றாமல் பேசி முடித்தார்.

பயப்படாதே என்று மனத்துக்குக் கட்டளையிடுவதால் பெரும்பாலும் பயன் இல்லை. ஹார்வர்டு ஆய்வாளர் ஆலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், தம்மை அமைதிப்படுத்திக்கொள்ள முயன்றவர்களைவிட, உற்சாகமாக இருக்கிறேன் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டவர்கள் மேடைப்பேச்சில் நன்றாகச் செயல்பட்டார்கள். துடிக்கும் இதயத்தைப் பயமாகவும் கொள்ளலாம், ஆர்வமாகவும் கொள்ளலாம் என்பதே இதற்கு அடிப்படை.

வசனம் மறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கவனம் தன்மீதே திரும்பிவிடுவதுதான். கை நடுங்குவது தெரிகிறதா என்று உங்களையே நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் வசனத்துக்கு மனத்தில் இடம் ஏது? எதிர் வசனத்தை உணர்ச்சியின்றிப் படிக்கும் உதவி இயக்குநர் என்ன சொல்கிறார் என்று காதுகொடுத்துக் கேளுங்கள். உங்கள் வரி அதற்குப் பதிலாக வரட்டும். வீட்டில் பயிற்சி செய்யும்போது பெயர், வயது, உயரம் சொல்லி, இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிக் காட்டுவதிலிருந்தே தொடங்குங்கள். முதலில் கைபேசி கேமரா முன், பிறகு ஒரு நண்பர் முன், பிறகு அதிகம் பழக்கமில்லாத நான்கு பேர் முன் என்று படிப்படியாகப் பழகுவதே எனக்குத் தெரிந்து நிலைத்த பலன் தரும் சிகிச்சை.

அன்று காலை வெறும் வயிற்றில் போகாதீர்கள். இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். காத்திருக்கும் நேரத்தில் காபி மேல் காபி வேண்டாம். சிலர் பரிந்துரைக்கும் தூக்க மாத்திரையும் மதுவும் நினைவாற்றலையே மழுங்கடிப்பவை.

இவ்வளவும் செய்து ஆறு மாதங்கள் ஆகியும், பயத்தால் ஆடிஷன்களையே தவிர்க்கத் தொடங்கினால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். பயமூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேச்சாலும் பயிற்சியாலும் மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு இதில் நல்ல பலன் உண்டு. மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஆஸ்துமா உங்களுக்கு உண்டு என்பதை, எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.